தாய்ப்புட்டி

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பது என் அண்ணனுக்குப் பிடித்த பழமொழி. அதில் தானும்தான் திட்டு வாங்குகிறோம் என்று அந்த மண்டைக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

எங்கள் கொட்டகையில் கண்ணாடிக் குழாய்களில் பாசி வளர்த்து எண்ணெய் எடுக்கிறோம். கண்ணுக்குத் தனியாகத் தெரியாத பொடிப் பாசி. மிதமான வெளிச்சத்தில் அது பாட்டுக்குப் பெருகும், எண்ணெய் அதிகம் சேர்க்காது. கெட்டியான பிறகு விளக்கை முழுசாகப் போட்டால், மிஞ்சிய வெளிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல் எண்ணெயாக உள்ளே பதுக்கும். "பாத்தியா, அடிச்சாதான் எண்ணெய்" என்பான் அண்ணன். அடி வாங்கிய பாசி பெருகுவதை நிறுத்திவிடும் என்பதைச் சொல்ல மாட்டான்.

அண்ணியையும் அடித்தான். ஒருமுறை திருகுசாவியால் அடித்ததில் அவளுடைய முன்பல் பாதி போயிற்று. குறுக்கே போன எனக்கும் இரண்டு விழுந்தது. அவனோடு ஒரே வயிற்றில் பிறந்த தங்கச்சி என்று சொல்லிக்கொள்ளவே எனக்கு வெட்கம்.

விதைப் பாசி இருக்கும் தாய்ப்புட்டி அண்ணியின் பொறுப்பு. உள்ளறையில், மங்கல் வெளிச்சத்தில் இருக்கும். அங்கே உள்ள பெரிய விளக்கை, புட்டியை வெளியே எடுத்துவிட்டு அறையைக் கழுவும்போது மட்டும் போடுவோம். பாசி அடியில் படியாமல் இருக்கப் புட்டியைக் கையால் சுழற்ற வேண்டும். அண்ணி எப்போது பார்த்தாலும் அதைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருப்பாள்.

"புட்டிக்குத் தாலாட்டா அண்ணி?" என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்று சுழற்றுவாள்.

அன்று பாதியை அறுவடை செய்து புதுத் தண்ணீர் நிரப்பியிருந்தோம். குழாய்களெல்லாம் வெளிறிக் கிடந்தன. எண்ணெய் வாங்குகிறவர் மறுநாள் பார்க்க வருகிறார் என்று அண்ணன் வந்து குதித்தான். எல்லா விளக்கையும் முழுசாகப் போடச் சொன்னான்.

"இப்ப வேணாங்க" என்றாள் அண்ணி. "கெட்டியா இருந்தா முன்னாடி இருக்கறது பின்னாடி இருக்கறதுக்கு நிழல் குடுக்கும். இப்ப தண்ணியா இருக்கு. எல்லாத்து மேலயும் நேரா விழும். செத்துடும்."

பளாரென்று அறைந்தான். அவனே போய் விளக்கைப் போட்டான்.

மறுநாள் குழாய்களில் கழுநீர்தான் இருந்தது. வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அண்ணன் இரும்புத் தடியை எடுத்தான்.

"என்னடி ஊத்தித் தொலைச்ச?"

முதல் அடியில் ஒரு வரிசைக் குழாய்கள் நொறுங்கின. அடுத்ததைத் தடுக்கப் போனேன். என் முழங்கை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அண்ணி உள்ளறைக்கு ஓடினாள். அவன் துரத்தினான். கொன்றுவிடுவான் என்று நானும் அலறிக்கொண்டு ஓடினேன்.

அவள் தாய்ப்புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஓங்கிய தடி அப்படியே நின்றது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் புட்டி கையில் இருந்தபோது அவன் அவளை ஒருநாளும் தொட்டதில்லை. நான் தாலாட்டு என்று கிண்டல் செய்திருக்கிறேன், பாவி.

"அதக் கீழ வை" என்றான். குரல் இறங்கியிருந்தது. "அது போச்சுன்னா தொழிலே போச்சு. வெச்சிடு. அடிக்க மாட்டேன்."

"இதுக்குக் குடுத்த மரியாதைய எனக்குக் குடுத்தியாடா?"

அவள் அவனை அப்படி விளித்து நான் கேட்டதே இல்லை. புட்டியை ஓங்கித் தரையில் அடித்தாள். உடைந்த கழுத்து மட்டும் அவள் கையில் மிஞ்சியது, கூராக.

"இப்ப வாடா."

அவன் வரவில்லை. தடியைப் போட்டுவிட்டு மண்டியிட்டான். கண்ணாடிச் சில்லோடு பச்சைத் தண்ணீரை அள்ளினான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் அதில் கலந்தது.

"தங்கச்சி, ஒரு டம்ளர் கொண்டாம்மா! சீக்கிரம்!"

நான் உடையாத கையை நீட்டிப் பெரிய விளக்கைப் போட்டேன். தரையில் பச்சை, ஒன்றுக்கொன்று நிழல் கொடுக்க முடியாதபடி, மெல்லிசாகப் பரவிக் கிடந்தது. அண்ணி அதன் மேலேயே மிதித்து வெளியே நடந்தாள்.