எடை பார்க்கும் பேண்ட்

பிரேக் சார் இளைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஊருக்கு முதலில் அறிவித்தது அவருடைய பேண்ட்தான். அதுவும் நட்டநடு ரோட்டில், சிக்னலில், பின்னால் ஒரு பஸ்ஸும் தண்ணீர் லாரியும் எண்ணி முடியாத பைக்குகளும் ஹாரனை அலறவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவருக்கு இருபது வருட சர்வீஸ். பயிற்சிக் காரில் வாத்தியார் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தப்பு செய்வதற்கு முன்பே இவர் அதில் காலை வைத்துவிடுவார், அதனால் இந்தப் பட்டப்பெயர். உட்கார்ந்தே பார்க்கிற வேலை. உட்கார்ந்திருக்கிறவரை எந்தப் பேண்ட்டும் கீழே இறங்காது என்ற தைரியத்தில்தான் மனுஷர் பழைய நாற்பத்திரண்டு இன்ச் பேண்ட்டை வாரக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கற்றுக்கொள்ள வந்திருந்தது ஒரு பல் டாக்டர் அம்மா. பச்சை விழுந்ததும் அந்த அம்மா கிளட்சை விட்ட வேகத்தில் வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. நாலு தரம் சாவியைத் திருகியும் உயிர் வரவில்லை. இறங்கித் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை.

காரைத் தள்ள இரண்டு கை வேண்டும். பேண்ட்டைப் பிடிக்க ஒரு கையாவது வேண்டும். ஆண்டவன் கொடுத்திருப்பதோ மொத்தமே இரண்டு. ஒற்றைக் கையால் முட்டிப் பார்த்தார், வண்டி அசையவில்லை. பஸ்காரர் என்னவோ கெட்ட வார்த்தையை ஆரம்பித்தார். வந்தது வரட்டும் என்று இரண்டு கையையும் டிக்கியில் வைத்து ஒரு தம் கட்டித் தள்ளினார். வண்டி முன்னால் போயிற்று, பேண்ட் கீழே போயிற்று. உள்ளே போட்டிருந்த டவுசர் கிழியாததாக இருந்ததைத் தவிர அந்த நாளைப் பற்றிச் சொல்லிக்கொள்ள நல்லதாக ஒன்றும் இல்லை.

"நான் எதுவும் பாக்கல சார்" என்றார் பல் டாக்டர் அம்மா, முகத்தைத் திருப்பாமல்.

"பாத்திருந்தாலும் தப்பில்லம்மா. பின்கண்ணாடியப் பாத்துக்கிட்டே இருக்கணும்னு சொல்லிக்குடுத்ததே நான்தான்."

இந்த வயதில் அழகாகி யாரிடம் காட்டப்போகிறார்? இளைத்ததற்குக் காரணம் வேறு. அவர் தங்கைக்குக் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது. அண்ணன் கல்லீரலில் ஒரு பங்கை வெட்டி வைத்தால் பிழைத்துக்கொள்வாள், வெட்டியது இருவருக்கும் திரும்ப வளரும் என்று டாக்டர் படம் போட்டே காட்டினார். ரத்தம் பொருந்தியது. மற்றதெல்லாம் பொருந்தியது. ஸ்கேனில்தான் மானம் போயிற்று.

"உங்க ஈரல் பூரா கொழுப்பா இருக்கு சார். இதை எடுத்து வெச்சா அவங்களுக்கும் வேலை செய்யாது, உங்களுக்கும் ஆபத்து. இப்ப எண்பத்தேழு கிலோ இருக்கீங்க. எழுபத்தஞ்சுக்கு வாங்க. மூணு மாசம் டைம்."

நாற்பத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாகத் தங்கைக்கு உருப்படியாக ஒன்று கொடுக்கலாம் என்று வந்தால் அதிலும் எண்ணெய் வடிகிறதே என்று பிரேக் சாருக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. அன்றிலிருந்து காலையில் ஒரு மணி நேர நடை, தட்டில் பாதி காய், ராத்திரி ஏழு மணிக்கு மேல் தண்ணீர். பசியில் அவர் வயிறு போட்ட சத்தத்தை எஞ்சின் கோளாறு என்று நினைத்து இரண்டு மாணவர்கள் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார்கள்.

உடம்பு குறைய ஆரம்பித்ததும் துணிப் பிரச்சினை வந்தது. புதுசாக இரண்டு பேண்ட் எடுத்துக்கொள்ளலாமா என்று மனைவியிடம் வாயைக் கொடுத்தார்.

"எதுக்குங்க? இப்ப முப்பத்தெட்டு. அடுத்த மாசம் முப்பத்தாறு. ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசத்துல நீங்க மறுபடியும் நாப்பத்திரண்டு, அது எனக்குத் தெரியும். நடுவுல வர்ற உடம்புக்குத் துணி எடுக்கிறது பஸ் ஸ்டாப்புக்கு வாடகை குடுக்கிற மாதிரி. அங்கயே குடியிருக்கப்போறீங்களா?"

சிக்னல் சம்பவத்துக்குப் பிறகும் மனைவி தன் கொள்கையிலிருந்து இறங்கவில்லை. பேண்ட் இறங்கியதோடு சரி. முடிவில் தங்கைதான் கைகொடுத்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் அண்ணன் வீட்டிலேயே இருப்பவள். துணி கம்பெனியில் பதினெட்டு வருடம் சட்டைக் காலர் தைத்தவள். உடம்பு முடியாமல் லீவில் வீட்டோடு இருந்தாள். ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின்.

"வெட்ட மாட்டேன்ணா. உள்ள மடிச்சு ஓட்டுத்தையல் போட்டுத் தர்றேன். திரும்ப குண்டானா நூல உருவிட்டாப் போதும்."

"நீயும் நான் குண்டாவேன்னுதான் சொல்றே."

"அண்ணி சொன்னா சரியாத்தானே இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று பேண்ட்டுகள் அவளிடம் போகும். ஒவ்வொரு வாரமும் ஒரு மடிப்பு கூடும். நாலைந்து வாரத்து மடிப்பெல்லாம் பின்பக்கமாகச் சேர்ந்து, இந்த மனுஷன் எல்லாப் பக்கமும் இளைத்தும் பின்பக்கம் மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்கிறது என்று பள்ளியில் பேச்சாயிற்று. பெல்ட்டுக்கு ஆணியால் புதுசு புதுசாக ஓட்டை போட்டதில் அதன் வால் முதுகு வரைக்கும் போய்விட்டது. ஆபீஸில் ரசீது போடும் பெண் சர்க்கரை வியாதி என்றாள், மெக்கானிக் காதல் என்றார். "ரெண்டுமே இனிப்பான வியாதிதான், எதையாவது வெச்சுக்குங்க" என்று பிரேக் சார் விட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால் எல்லாரும் அவரை நல்லவராகப் பார்ப்பார்கள், அதைத் தாங்குகிற அளவுக்கு அவர் பேண்ட்டில் பிடிமானம் இல்லை.

அவர் இளைக்க இளைக்கத் தங்கை ஊதினாள். கால் வீங்கியது, வயிற்றில் நீர் கோத்தது. அவளுடைய துணி ஒவ்வொன்றாக இறுகிப்போக, அண்ணனுக்குத் தொளதொளத்த சட்டைகள் அவளிடம் போயின. நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். "துணி வீணாகாம போகுது பாத்தியாண்ணா" என்பாள் அவள். அவர் சிரித்துவிட்டு, மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வருவார்.

எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க வீட்டில் மெஷின் கிடையாது. ஒன்று இருந்தது. கடைசியாக இவர் ஏறியபோது முள் ஒரு முழுச் சுற்று சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றுவிட்டது. இன்னொன்று எதற்கு என்று குடும்பமே கூடி முடிவெடுத்தது, ஏனென்றால் கல்யாணப் பேண்ட் இருந்தது. கல்யாணத்தன்று அவர் சரியாக எழுபத்தைந்து கிலோ. அன்று போட்ட பழுப்புநிறப் பேண்ட்டை மனைவி பத்திரமாக வைத்திருந்தாள். அதில் பட்டன் விழுந்தால் எழுபத்தைந்து வந்துவிட்டது என்று கணக்கு. மெஷினாவது ரிப்பேராகும், துணிக்கு என்ன கேடு வரப்போகிறது என்றார் பிரேக் சார். அந்த வீட்டு ஆட்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை அது.

ஞாயிறுதோறும் குளித்துவிட்டு அதைப் போட்டுப் பார்ப்பார். முதலில் தொடைக்கு மேலே ஏறவில்லை. ஆறாவது வாரம் இடுப்புக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் ஆறு கிலோ குறைந்திருந்தது, ஆகவே பேண்ட்டின் மேல் மரியாதை கூடியது. ஒன்பதாவது வாரம் பட்டனுக்கும் துளைக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. அதற்கு மேல் நகர மாட்டேன் என்று உடம்பு அடம்பிடித்தது.

"கால் மடிப்பு பிரிஞ்சிருக்குண்ணா, குடு, தைச்சு வைக்கிறேன்" என்று தங்கை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு பட்டன் விழுந்துவிட்டது. மூச்சைக்கூடப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. மனைவி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள், இரண்டு மகள்களும் போட்டோ எடுத்தார்கள். தங்கையும் கைதட்டினாள். அன்று மத்தியானம் இரண்டு மாதத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார். மறுநாளும் சாப்பிட்டார். வந்தாயிற்றே, இனி என்ன என்று காலை நடையும் ஒன்றுவிட்டு ஒரு நாளானது.

மூன்றாவது மாதக் கடைசியில் கல்யாணப் பேண்ட்டையே போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மிடுக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். நர்ஸ் எடை மெஷினில் ஏற்றினாள்.

"எழுபத்தெட்டரை."

"உங்க மெஷின் தப்பும்மா."

"ஆமா சார். இங்க வர்ற யாருக்குமே அது சரியாக் காட்டுறதில்ல."

"வெளையாடாதீங்க. இது என் கல்யாணப் பேண்ட். அன்னிக்கு எழுபத்தஞ்சு. இன்னிக்கும் பட்டன் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். துணி பொய் சொல்லுமா?" என்று சட்டையைத் தூக்கி, இடுப்புப் பட்டியைத் திருப்பிக் காட்டினார். நர்ஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள்.

"துணி பொய் சொல்லாது சார். தைச்சவங்கதான் சொல்லியிருக்காங்க. பின்னால பிரிச்சு ஒட்டு குடுத்திருக்கு. நூலே புதுசு."

வரிசையில் நின்றிருந்த ஐந்தாறு பேரும் அந்த ஒட்டை எட்டிப் பார்த்தார்கள். பிரேக் சாருக்கு மூக்குடைந்தது. டாக்டர் கோபப்படவில்லை. "மூணரை கிலோ பாக்கி. ஒரு மாசம் தள்ளிவைக்கலாம். அதுக்குமேல அவங்க உடம்பு தாங்காது" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். பொடிப்பொடியாக, ஒரே அளவில், காலர் தைக்கிற கை தைத்த தையல். மனைவிக்குப் பட்டன்கூடத் தைக்க வராது. சந்தேகப்பட வீட்டில் வேறு ஆளே இல்லை.

வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததுமே மெஷினை நிறுத்திவிட்டாள்.

"எதுக்கு பாப்பா இப்படிப் பண்ணின?"

அவள் நூல்கண்டை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன். அறிவிருக்கா உனக்கு? இது என்ன விளையாட்டா? ஒரு மாசம் போச்சு. உன் ஒரு மாசம்."

"உனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்கண்ணா" என்றாள். "உன்ன மேசைல படுக்க வெச்சு வெட்டுறப்ப ஏதாவது ஆச்சுன்னா அண்ணி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? டாக்டர் எடை கொறையலைன்னு சொல்லிட்டா, நீ ஏன் குடுக்கலைன்னு யாரும் உன்னக் கேக்க மாட்டாங்க. அதான்."

"வேணாம்னு எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

"வேணாம்னு சொல்ல வாய் வரல." நூல்கண்டு கையிலிருந்து நழுவி உருண்டது. அவள் எடுக்கவில்லை. "தெனமும் சொல்லணும்னுதான் நெனைக்கிறேன். ஆனா எனக்குச் சாக இஷ்டமில்லண்ணா. உயிரோட இருக்கணும்னு அவ்ளோ ஆசையா இருக்கு. குடுன்னும் கேக்க முடியல, வேணாம்னும் சொல்ல முடியல. அதான் பேண்ட்ல போய் ஒட்டுப் போட்டேன்."

பிரேக் சாருக்குத் திட்ட நிறைய இருந்தது. அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். அழுகை வந்தது, அழுதார். பிறகு தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"நீ மட்டும் திருட்டுத்தனம் பண்ணல பாப்பா. மூணு விரல் இடைவெளி ஒரே வாரத்துல எப்படிப் போகும்? எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா மத்தவங்க தப்பை வர்றதுக்கு முன்னாடியே புடிக்கிறவன் நான். தெருமுனை மருந்துக்கடை வாசல்ல எடை மெஷின் இருக்கு. தெனமும் காலைல அதத் தாண்டித்தான் நடக்கப் போறேன். ஒருநாள்கூட ஏறிப் பாக்கல. ஏன் தெரியுமா? பயம். ஸ்கேன் எடுக்கப் போன அன்னிலேருந்து ராத்திரி தூக்கம் இல்ல. பட்டன் போட்டுக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி சுத்தினா நல்லாத்தான் இருந்துச்சு. மெஷின்ல ஏறினா மறுபடியும் ஆபரேஷன் நெஜமாயிடும்."

"பயமா இருந்தா வேணாம்ணா."

"பயமா இருக்கு. குடுக்கப்போறேன். ரெண்டும்தான்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வாயிலிருந்து கிண்டல் கலக்காமல் ஒரு வாக்கியம் வந்து அவள் கேட்டதில்லை.

"எழுந்திரு" என்றார். "செருப்பைப் போடு."

மருந்துக்கடைக்கு ஏழு வீடுதான் தூரம். அவளுக்கு மூச்சு வாங்கியதால் கால்மணி நேரம் ஆயிற்று. நீலக் கட்டம் போட்ட சட்டையில் அவளும், ஒட்டுப் போட்ட பேண்ட்டில் அவருமாகக் கைகோத்துப் போவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நான் பாக்க மாட்டேன். நீயே படி."

தங்கை குனிந்து முள்ளைப் பார்த்தாள். நிற்கட்டும் என்று காத்திருந்தாள். மெஷினுக்கு மெஷின் மாறும், அரைக் கிலோ குறைத்துச் சொன்னால் அவருக்குத் தெரியப்போவதில்லை.

"எழுபத்தெட்டரை" என்றாள். கொஞ்சம் பொறுத்து, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் மூணரைக் கிலோ கொறைச்சுக் குடுண்ணா எனக்கு" என்றாள்.