ஆண் தனி, பெண் தனி

சித்ரகலா பிரித்து வைத்தால் பிரித்ததுதான். முதலிபாளையம் பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக செக்கிங் இன்சார்ஜ். எம் சைஸும் எல் சைஸும் அவள் கையில் ஒருநாளும் கலந்ததில்லை. அந்தத் திமிர் நடையிலேயே தெரியும்.

வினை வந்தது முன்ரூம் மீன் தொட்டியில். முதலாளி தரணீதரன் ஆசைப்பட்டுப் பத்துக் கப்பி மீன் வாங்கி விட்டிருந்தார். கப்பி முட்டை போடாது, குஞ்சாகவே போடும், அதுவும் மாதாமாதம் போடும். போட்டதெல்லாம் செடிக்குள் ஒளிந்து பிழைத்துக்கொண்டது. ஆறு மாதத்தில் தொட்டி ஷிப்ட் விடுகிற நேரத்து டவுன் பஸ் மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் நாறியது. கூட இருந்த நியான் டெட்ரா மீன்கள் ஒவ்வொன்றாய்ச் செத்து மல்லாந்தன.

"சித்ரகலா, இதுக்கொரு வழி பண்ணுங்க. செடியில மட்டும் கை வெச்சறாதீங்க, ஆசையா வளத்துனது," என்றார் முதலாளி.

இதென்ன பெரிய வித்தை? ஆண் சின்னது, வால் கலர் கலராக இருக்கும். பெண் பெரிசு, வயிறு உப்பி, நிறம் மங்கிக் கிடக்கும். ஒரு சாயங்காலம் முழுக்க வலையும் கையுமாக உட்கார்ந்து ஆணையெல்லாம் பின்பக்கத்து நீலப் பீப்பாயில் விட்டாள். குஞ்சுகளை வளர்ப்பு மீன் கடைக்குக் கொடுத்தனுப்பினாள்.

"இந்த மாசம் வயித்துல இருக்கறது வரும். அடுத்த மாசம் ஒத்தக் குஞ்சு வந்தாலும் என் பேரை மாத்திக்கறனுங்க," என்று எல்லோர் எதிரிலும் சொன்னாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அடுத்த மாசம் வந்தது. செடிக்கடியில் கண்ணும் வாலுமாக முப்பது நாற்பது.

சித்ரகலாவுக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. பிரித்த லாட் தானாகக் கலக்குமா? எவனோ கலந்திருக்கிறான். எவன் என்று யோசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பேக்கிங் ராஜபாண்டி! தேனிப் பக்கத்து ஆள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரே ஒரு தடவை எல் பெட்டியில் எம் பனியனைப் போட்டு, இருநூறு பெட்டியைப் பிரித்துப் பார்க்க வைத்தவன். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் அவனை நாறடித்தாள். அதிலிருந்து இருவருக்கும் ஆகாது. தொட்டிக்கும் பீப்பாய்க்கும் தீனி போடுவதும் அவன்தான். வேறென்ன சாட்சி வேண்டும்?

"என்னைய அசிங்கப்படுத்தோணும்னு ஆம்பள மீனைக் கொண்டாந்து விட்டீல்ல?"

"நான் தொடவே இல்லக்கா. எம்புள்ள மேல சத்தியம். எங்க, தொட்டியில ஒரு ஆம்பளையக் காட்டுங்க பாப்போம்!"

உற்றுப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. விடுவாளா?

"விட்டுட்டுத் திருப்பி எடுத்திருப்ப. ஒருக்காக் கலந்தவன் மறுக்காக் கலக்க மாட்டியாக்கும்!"

அவனுக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மூணு வருசமா அதையே சொல்லிச் சொல்லிக் கொல்றீங்களே, நீங்கெல்லாம் நல்லா இருப்பீங்களா?" என்று கத்தினான்.

அது போதும். முதலாளி அறைக்குப் போனாள். "ஒண்ணு அவன் இருக்கோணும், இல்லாட்டி நான் இருக்கோணுமுங்க." ஷிப்மெண்ட் வாரத்தில் செக்கிங் இன்சார்ஜை எந்த முதலாளி விடுவார்? சனிக்கிழமை ராஜபாண்டி கம்பெனி ரூமைக் காலி செய்து, பெண்டாட்டியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் நடு வருஷம்.

சித்ரகலா பீப்பாய் மீன்களையும் கடைக்குத் தள்ளினாள். தொட்டி மூடிக்குப் பூட்டு, சாவி அவள் பையில். ஒரு மாதம் போயிற்று. மறுபடியும் குஞ்சு!

நேராக மீன் கடைக்குப் போனாள். கடைக்காரர் இலியாஸ் சிரித்தார்.

"பொட்டைக் கப்பி ஒருவாட்டி சேந்துட்டாப் போதுங்கக்கா. ஆறு மாசத்துக்கு ஆணே வேண்டாம். உள்ளயே பத்திரமா வெச்சிருந்து மாசாமாசம் போடும். செடியக் கழிச்சு உடுங்க, தீனியக் குறைங்க, குஞ்சு திங்கற மீன் ரெண்டு உடுங்க. யாரும் ஒண்ணும் கலக்கலீங்க."

சித்ரகலா தன்னையே திட்டிக்கொண்டாள். பாவி, முன்னாலேயே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா! வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கடை வாசலில் நின்று ராஜபாண்டி நம்பரை எடுத்தாள். என்னவென்று சொல்வது? தப்பு என் மேல் என்றா? அப்புறம் அவள் ரிஜெக்ட் என்று தூக்கிப் போடுவதை டேபிளில் எவள் மதிப்பாள்? போனைப் பைக்குள் போட்டாள்.

மறுநாள் யாரும் வருமுன் வந்து, பூட்டைத் திறந்து, குஞ்சுகளை டீ கப்பில் அள்ளினாள். முதுகுக்குப் பின்னால் முதலாளியின் செருப்புச் சத்தம்.

"ஏனுங்க சித்ரகலா, இப்பக் குஞ்சு ஒண்ணும் வரதில்லீங்களா?"

கப்பை முந்தானைக்குள் மறைத்தாள். "இல்லீங்க சார். அவன் போனதோட நின்னு போச்சுங்க."

"அப்ப அவன்தான்," என்று தலையாட்டிவிட்டு அவர் உள்ளே போனார்.

கப்பை வாஷ்பேசினில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டாள். தொட்டியில் இருபதுக்கு மேல் பெண் மீன், எல்லாம் வயிறு உப்பி நின்றன. நாளைக்கும் அவள்தான் முதல் ஆளாக வர வேண்டும்.