டிராகன் என்ன சொன்னது?

நத்தார் என்னும் கிறிஸ்மஸ் விடுமுறை நெருங்கினால் ஜெர்மனியின் எசன் நகரில் பிள்ளைகள் பனிக்காக ஏங்குவார்கள். கிருசாந்தி கார்ட்டூன் படங்களுக்காக ஏங்குவாள். பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை பார்க்கும் வளர்ந்த பெண்தான். ஆனால் பறக்கும் கோட்டையும் பேசும் மிருகமும் திரையில் வந்துவிட்டால் கூப்பிட்டாலும் அவளுக்குக் காது கேட்காது. "எங்களுக்குப் பிள்ளை பிறந்தாலும் அதுக்கு ரிமோட் கிடைக்காது" என்று டிராம் ஓட்டும் கணவன் லக்ஸன் கேலி செய்வான்.

போன வருடம் ஒரு பச்சை டிராகன் படம் தியேட்டருக்கு வந்தபோது அவளுக்குக் கடும் காய்ச்சல். படம் தவறிப்போயிற்று. அதையே இந்த விடுமுறைக்குச் தமிழ்ச் சங்க மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் போடப்போவதாகச் சங்கத்தை நடத்தும் பிரதாப் அண்ணை அறிவித்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முன்வரிசையிலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

விளக்கு அணைந்தது. திரையில் மலை. மலைமேல் முகில். முகிலைக் கிழித்துக்கொண்டு டிராகன் வந்து வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

பிரதாப் அண்ணை வயரைப் பிடுங்கிச் செருகினார், ஸ்பீக்கரைத் தட்டினார், ஊதியும் பார்த்தார். "பிள்ளையள், இண்டைக்கு ஏலாது போல கிடக்கு. நிப்பாட்டப் போறன்."

மண்டபம் முழுக்க ஒரே அழுகை. எல்லாரையும்விடக் கூடுதலாக அழ இருந்தவள் கிருசாந்திதான். அழுகைக்குப் பதிலாக வாயில் வேறொன்று வந்துவிட்டது.

"நிப்பாட்டாதேங்கோ அண்ணை! படம் ஓடட்டும், நான் கதைக்கிறன்."

"நீர் இந்தப் படம் பாத்தனீரோ?"

"இல்லை."

"பிறகெப்பிடி?"

அதற்குள் டிராகன் மறுபடி வாயைத் திறந்தது. கிருசாந்தி எழுந்து நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயோ, பசிக்குது! விடியத் தொடக்கம் ஒரு வாய் சோறில்லை!" என்றாள்.

யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. இளவரசி வாளை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். "முதல்ல கையைக் கழுவிப்போட்டு வா!" இப்போது மண்டபமே சிரித்தது.

டிராகனும் இளவரசியும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கியபோது ஒரு தொண்டை போதவில்லை. பின்னால் நின்ற லக்ஸனைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்சேருங்கோ, இனி நீங்கள்தான் டிராகன்."

"எனக்கேலாது, வெக்கமாக் கிடக்கு."

"வாயைத் திறக்குது, கெதியாச் சொல்லுங்கோ!"

அவன் பதறிப்போய், தெரிந்ததைச் சொன்னான். "அடுத்த தரிப்பு, ரயில் நிலையம்! எல்லாரும் இறங்குங்கோ!"

சொல்லி வைத்ததுபோல, டிராகனின் முதுகில் ஏறியிருந்த இளவரசி கீழே குதித்தாள். சிரிப்பில் பிள்ளைகள் கதிரைகளில் இருக்கவில்லை. புதிதாய் ஒரு கிழவி படத்தில் வந்ததும் கண்மணி என்ற சிறுமி முன்னால் ஓடிவந்து, "அன்ரி, அந்தக் கிழவி நான்!" என்று இடம் பிடித்துக்கொண்டாள். திரையில் கிழவி கோலை உயர்த்தினாள். "உன்னைத் தவளையாக்குவன்! ஆனா அதுக்கு டெர்மின் எடுக்க வேணும்!" டெர்மின் என்ற அந்த முன்பதிவுக்காக அலுவலகங்களில் வரிசையில் நின்று அலுத்த தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

படம் முடியும் தறுவாயில் ஸ்பீக்கர் உயிர் பெற்றது. டிராகன் மென்மையான பெண் குரலில் ஜெர்மன் பேசியது.

"அது பிழை!" என்று கத்தினாள் கண்மணி. "டிராகன் லக்ஸன் மாமா!"

"சத்தத்தை நிப்பாட்டுங்கோ!" என்றன மற்றப் பிள்ளைகள்.

இவ்வளவு பாடுபட்டு வயரைச் சரிசெய்த பிரதாப் அண்ணையின் முகம் சுருங்கிப்போயிற்று. அவர் கிருசாந்தியைப் பார்த்தார். ஒரு வருடமாகக் காத்திருந்த படத்தின் உண்மைக் கதை காதுக்கு எட்டிய தூரத்தில் கிடந்தது. ஆசை இழுக்கத்தான் செய்தது.

"நிப்பாட்டுங்கோ அண்ணை," என்றாள். "இவர் இன்னும் கதைச்சு முடியேல்ல."

நத்தார் அன்று பகல் லக்ஸன் அந்தப் படத்தை வீட்டிலேயே சத்தத்தோடு போட்டுக் கொடுத்தான். அந்தக் கிழவி இளவரசியின் தாயாம். டிராகன் தொலைந்த முட்டையைத் தேடி அலைந்ததாம். கிருசாந்தி விம்மி விம்மிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கண்மணியின் தாய்.

"அக்கா, என்ன வேலை செய்துபோட்டீங்கள்? இவள் டிவியின்ர சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு எங்களைக் கதைக்கச் சொல்லுறாள். என்ர மனிசன் காலமை தொடக்கம் முயல். இன்னும் ஓநாய்க்கு ஆளில்லையாம், உங்களைக் கூட்டிவரட்டாம்."

"அஞ்சு நிமிசத்தில வாறன்," என்ற கிருசாந்தி, தொலைபேசியைக் காதில் வைத்தபடியே மேற்கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்துவிட்டாள்.