முகத்தை மட்டும் மறைத்த வீடியோ

விக் கட்டும் தொழிலுக்கு விளம்பரம் ஆகாது. பல் டாக்டர் பெரிய போர்டு வைக்கலாம், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாசலில் கண்ணைப் பறிக்கிற விளக்குப் போடலாம். முடி கொட்டிப்போன பெண்ணோ யார் கண்ணிலும் படாமல் வந்து, யார் கண்ணிலும் படாமல் போக வேண்டும். அதனால்தான் விக் கட்டுகிறவளான அவள் கடை மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், பெயர்ப்பலகையே இல்லாமல் இருந்தது. வருகிறவர்கள் பின்பக்கப் படிக்கட்டு வழியாக வருவார்கள். ஒருவர் இறங்கிப் போய்ப் பத்து நிமிடம் கழித்துத்தான் அடுத்தவருக்கு நேரம் கொடுப்பாள். பேங்க் மேனேஜர் அம்மா, டிவியில் செய்தி வாசிக்கிறவர், இரண்டு லேடி டாக்டர்கள் என்று எல்லாமே காதும் காதும் வைத்த மாதிரி நடந்தது. பதினெட்டு வருஷம் அப்படித்தான் பிழைத்தாள், நன்றாகவே பிழைத்தாள்.

கெட்ட நேரம் தம்பி உருவத்தில் வந்தது. கூடப் பிறந்த தம்பிதான். ஜிம் நடத்துகிறவன், கேக் செய்கிறவள், வக்கீல் என்று கையில் அகப்பட்டவர்களை எல்லாம் செல்போனுக்குள் பிரபலமாக்கிவிடுவது அவன் வேலை. அக்காவை மட்டும் விட்டுவைப்பானா?

"அக்கா, மெஷின்ல தைச்ச குப்பையை வச்சுக்கிட்டு ஒருத்தன் லட்சம் ஃபாலோயர் வச்சிருக்கான். நீ ஒவ்வொரு முடியா கையால கட்டுறே. உன்னை யாருக்குத் தெரியும்?"

"தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும்டா."

"அப்படியே சொல்லிக்கிட்டு இரு. இப்பல்லாம் ஜனங்க சாமானைப் பார்த்து வாங்கறதில்லை. ஆளைப் பார்த்து வாங்கறாங்க. நீ ஒரு ஆளா ஆகணும்."

ஒரு மாதம் முரண்டு பிடித்தாள். பிறகு தன் விரல்களை மட்டும் எடுத்துப் போட்டாள். கொக்கி ஊசி விக்கின் அடிவலைக்குள் நுழைந்து ஒரே ஒரு முடியை இழுத்து முடிச்சுப் போடுகிற காட்சி. நாற்பது பேர் பார்த்தார்கள். அந்த நாற்பது பேரில் ஒருத்தி "உங்க கைக்கு முத்தம் அக்கா" என்று எழுதிவைத்தாள். பதினெட்டு வருஷமாக அந்தக் கைக்கு யாரும் முத்தம் கொடுத்ததில்லை. வாடிக்கையாளர்கள் திருப்தியாகப் போவார்கள், அவ்வளவுதான். ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்ளக்கூடிய பொருளா அது? அந்த ஒற்றை வரியை அவள் ராத்திரி சாப்பிடும்போதுகூடத் திரும்பத் திரும்பப் படித்தாள். அடுத்த வருஷத்திற்குள் அவள் 'முடி அக்கா' ஆகிவிட்டாள். பின்தொடர்கிறவர்கள் பன்னிரண்டாயிரம் பேர்.

கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டில் அவளும் மகளும் மட்டுந்தான். மகளுக்குப் பதினைந்து வயதில் தலையில் காசு அளவு வழுக்கை விழுந்தது. ஆறே மாதத்தில் மொத்தமும் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் என்னென்ன பெயர் வைத்தார்கள் என்பதை அவள் அம்மாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. கடைசி வருஷத்தை வீட்டிலிருந்தே எழுதித் தேறினாள். பிறகு வேண்டுமென்றே நகரத்தின் மறுகோடியில் இருந்த கல்லூரியாகப் பார்த்துச் சேர்ந்தாள். போக வர மூன்று பஸ். அங்கே அவளை யாருக்கும் தெரியாது என்பதுதான் அந்தக் கல்லூரியில் அவளுக்குப் பிடித்த ஒரே விஷயம்.

அவளுக்கான விக்கை அம்மா மூன்று மாதம் கட்டினாள். பழைய போட்டோக்களைப் பரப்பி வைத்துக்கொண்டு கட்டினாள். மகளுக்கு இடது நெற்றி ஓரம் ஒரு சுழி உண்டு. எப்படிச் சீவினாலும் அங்கே ஒரு கொத்து எழுந்து நிற்கும். அந்தச் சுழியை அப்படியே கொண்டுவந்துவிட்டாள். பொருத்திப் பார்த்த அன்று மகள் கண்ணாடி முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு, "அம்மா, இது நான்தாம்மா!" என்று அழுதாள். எந்த விக்கைப் பொருத்தினாலும் நாலாபக்கமும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது அம்மாவின் வழக்கம். வலை எங்கே தூக்குகிறது, எங்கே இடைவெளி தெரிகிறது என்று பிறகு பார்க்க வேண்டும் அல்லவா? வேலை முடிந்ததும் அழித்துவிடுவாள். மகளுடையதை மட்டும் அழிக்க மனசு வரவில்லை.

மகள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"நீ யாரை வேணாலும் போடும்மா. என் தலையை மட்டும் போடாதே. காலேஜ்ல ஒருத்தருக்குக்கூடத் தெரியாது. தெரிஞ்சா அன்னைக்கோட நான் போறதை நிறுத்திடுவேன்."

"எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றாள் அம்மா.

பிடிக்கத்தான் செய்தது. பன்னிரண்டாயிரம் பன்னிரண்டாயிரத்திலேயே நின்றுவிட்டது. விரலையும் ஊசியையும் பார்த்துப் பார்த்து ஜனங்களுக்கு அலுத்துப்போயிற்று. "முன்னாடி எப்படி, பின்னாடி எப்படி, அது வேணும்க்கா. நடுவுல ஒரு சொட்டுக் கண்ணீர்" என்றான் தம்பி, ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோல. பேங்க் மேனேஜர் அம்மாவிடம் நாசூக்காகக் கேட்டுப் பார்த்தாள். அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பாதி முடிந்த விக் தலைப் பொம்மையிலேயே கிடக்க, அவர் திரும்ப வரவே இல்லை. வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அத்தோடு புத்தி வந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மகள் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருக்கும்போது, அவள் அழிக்காமல் வைத்திருந்த அந்தப் பழைய வீடியோவைத் திறந்தாள். முகம் தெரியாவிட்டால் போதும் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் கலங்கலாக்கினாள். காதுத் தோட்டை மறைத்தாள். கழுத்து மச்சத்தை மறைத்தாள். குரலை எடுத்துவிட்டு, "காலேஜ் போற ஒரு பொண்ணோட கதை" என்று தன் குரலைச் சேர்த்தாள். ஒரு மணி நேரம் கண்ணும் கருத்துமாக உட்கார்ந்து செய்த வேலை. எவ்வளவு பொறுப்பான தாய்!

முடியை மட்டும் மறைக்கவில்லை. மறைப்பதாவது, அதற்கு வெளிச்சத்தைக் கூட்டினாள். சுழியைக் கிட்டே கொண்டுவந்து ஐந்து விநாடி நிறுத்தினாள், ஏனென்றால் அவள் ஆயுசிலேயே அதைவிட நல்ல வேலை செய்ததில்லை. முகம் என்றால் அது வாடிக்கையாளர், முடி என்றால் அது தன் சரக்கு. பதினெட்டு வருஷமாக அவள் கண் அப்படித்தான் பிரித்துப் பார்த்துப் பழகியிருந்தது. உலகமும் அப்படித்தான் பார்க்கும் என்று நினைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை கண் விழித்தபோது மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மகள் தோசைக்குக்கூட நிற்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள். போனில் அம்மாவின் பக்கத்தைப் பார்ப்பதையே அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள். "பார்த்துப் போ கண்ணு" என்று படிக்கட்டு வரை வந்து அனுப்பிவைத்துவிட்டு, அவள் போனோடு உட்கார்ந்தாள்.

கல்லூரியில் நடந்தது இதுதான். இரண்டாவது வகுப்பு முடிந்ததும், மகளின் உயிர்த்தோழி போனை நீட்டி, "ஏய், இந்தப் பொண்ணுக்கு அப்படியே உன் முடிடி!" என்று சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை பாவம், ஆச்சரியத்தில் சொன்னாள். ஆனால் சத்தமாகச் சொல்லிவிட்டாள். பின் பெஞ்சிலிருந்து நாலு தலை எட்டிப் பார்த்தது. போன் கைமாறியது. திரையில் இருக்கிற சுழியையும் முன்னால் உட்கார்ந்திருக்கிற சுழியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். "இல்லடா, இது டோப்பா இல்லடா." "பந்தயமா?" ஒருவன் எழுந்து வந்தான். இன்னொருவன் தயாராகப் போனை உயர்த்திப் பிடித்தான். நெற்றியில் விக்கைப் பிடித்திருந்த டேப் நன்றாக ஒட்டியிருந்ததால் முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவது இழுப்பில் தோலோடு வந்தது.

அந்த வீடியோவை அம்மாவுக்கு அனுப்பியவன் தம்பி. கூடவே, "அக்கா, இது நம்ம பாப்பாவா?" என்று கேட்டிருந்தான். பதினோரு விநாடி ஓடுகிற வீடியோ. அதில் மகள் கத்தவில்லை, அழவும் இல்லை. இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு பெஞ்சுக்குக் கீழே குனிந்து எதையோ தேடுகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிச் சிரிப்புச் சத்தம். அம்மா இரண்டாம் முறை பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள். அது உண்மை, அதில் சந்தேகம் வேண்டாம்.

மத்தியானம் மகள் வந்தாள். டேப் பாழாகிவிட்டதால் விக் நிற்கவில்லை; மொட்டைத்தலையோடு மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. விக்கைச் சாப்பாட்டுப் பைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"முகத்தை மறைச்சுத்தானேடி போட்டேன்?" என்றாள் அம்மா. முதல் வார்த்தையாக அதுதான் வந்தது.

"முடியை மறைச்சியா?"

"முடியை எப்படி... அதைக் காட்டத்தானே..."

"உனக்குத்தாம்மா அது நீ செஞ்ச சாமான். அவங்களுக்கு அதுதான் நான். காலேஜ்ல யாரைக் கேட்டாலும் அந்த முடி நிக்கிற பொண்ணான்னுதான் கேப்பாங்க." அவள் குரல் உயரவே இல்லை. "அழிச்சுடு. இப்பவே அழிச்சுடு. நாளைக்கு நான் எங்க போறதுன்னு அப்புறம் யோசிக்கலாம்."

"இதோ கண்ணு, இதோ அழிக்கிறேன். மருந்து போட்டு விடட்டுமா?"

மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் அழிக்கத்தான் போனைத் திறந்தாள். சத்தியமாக அதற்குத்தான் திறந்தாள். அதற்குள் தம்பி கூப்பிட்டான். "அவசரப்படாதேக்கா. நம்முது போயிட்டா அந்தப் பசங்களோடது மட்டுந்தான் நிக்கும். அதுல கமெண்ட்டெல்லாம் பார்த்தியா? முதல்ல பாரு." போனை வைத்துவிட்டுப் பார்த்தாள். மகளின் பதினோரு விநாடியை ஏழு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே கேலி, கிண்டல், கேவலமான படங்கள். திட்டியவர்களும் உண்டு, "அந்தப் பொறுக்கியைக் கட்டி வச்சு உதைக்கணும்" என்று. எல்லாவற்றுக்கும் மேலே, ஆயிரம் பேர் ஆமோதித்த ஒரு கமெண்ட் நின்றது. 'இழுக்கிற வரைக்கும் அது விக்குன்னு எவனுக்காவது தெரிஞ்சுதா? அந்த வகிட்டைப் பாருங்க, அந்த முன்சுழியைப் பாருங்க. என்ன கை அது! எங்க செஞ்சதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.'

அதன் கீழே வரிசையாக, "எனக்கும் சொல்லுங்க", "என் தங்கச்சிக்கு வேணும்", "ப்ளீஸ்".

அவள் ஒருமுறை படித்தாள். இன்னொருமுறை படித்தாள். பதினெட்டு வருஷத்தில் அவள் வேலையை இப்படி ஒருவர் பிட்டுப் பிட்டு வைத்ததில்லை. முடி கொட்டிய எத்தனை பெண்களுக்கு இது உதவும் என்று ஒரு நியாயம் உடனே கைகொடுத்தது. பாவத்துக்குத் துணை வர நியாயங்கள் எப்போதும் வாசலிலேயே காத்திருக்கும் போலிருக்கிறது. விரல் தானாக ஓடியது. 'எங்கள் கைவேலைதான். விவரத்துக்கு மெசேஜ் செய்யுங்கள்.' ஒரு கும்பிடும் போட்டாள்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. மகள் போனைக் கையில் பிடித்தபடி வந்து, வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில் எதிரே உட்கார்ந்தாள். உள்ளே போனதிலிருந்து அவள் அந்தக் கமெண்ட்டுகளைத்தான் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள் என்பது அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கண்ணு, நான் வந்து..."

"பார்த்தேன்மா." மகள் திரையைப் பார்த்தபடியே பேசினாள். "கீழ நிறைய பேர் கேக்குறாங்க, அந்தப் பொண்ணு உங்க கஸ்டமரான்னு. கஸ்டமர் இல்லை, என் சொந்த மகள்னு போடு. இன்னும் நல்லா ஓடும்."

அம்மா வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும், எழுந்து போய்க் கட்டிக்கொள்ள வேண்டும், போனைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும். எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அது நல்ல யோசனையாக அவளுக்குப் பட்டது.

மகள் தலை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.