கிணற்று மேட்டில் ஒன்பதாம் வகுப்பு

கால் எலும்பு முறிந்து கிடந்த என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் பாவம் பாவம் என்று உச்சுக்கொட்டினார்கள். என்ன பாவம்? எனக்கு அதுதான் நல்ல காலம். வெளியே சொன்னால் பானுப்ரியாவுக்குக் காலோடு மூளையும் பிசகிவிட்டது என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியிருந்த நேரம் அது. திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர்ப் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். வாய்க்கால் வரப்பில் வழுக்கி விழுந்து நான் மாவுக்கட்டோடு உட்கார்ந்துவிட்டதால், என் மகள் தமிழ்நிலா அவள் அப்பாவோடு பூப்பறிக்க இறங்கினாள். மொட்டு வாய் திறப்பதற்குள் பறித்தாக வேண்டும். அவளுடைய ஆன்லைன் வகுப்பும் அதே நேரத்தில்தான் தொடங்கும். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, கிணற்று மேட்டில்தான் கிடைக்கும். அங்கே தென்னை நிழலில் கட்டிலைப் போட்டு என்னை உட்காரவைத்து, போனைக் கையில் திணித்தாள்.

"எம்மா, பேரு கூப்பிட்டா உள்ளேன் மிஸ்னு மட்டும் சொல்லு. கேமராவ ஆன் பண்ணிராத," என்றாள்.

போனில் எங்கள் இருவர் குரலும் ஒன்றுபோலவே இருக்கும். என்னைப் பெற்றவளே ஏமாந்து போவாள். மிஸ் பெயரைக் கூப்பிட்டார், சொன்னேன். அத்தோடு போனைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கண்ணை மூடியிருக்கலாம். ஆனால் அந்த ஐரின் மிஸ் கடலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கடலை நேரில் பார்த்ததும் இல்லை. கடலுக்கு அடியில் மலை இருக்கிறது, பள்ளத்தாக்கு இருக்கிறது, சமவெளியும் இருக்கிறது என்று அந்தக் குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனது. நிமிர்ந்து பார்த்தேன். தூரத்தில் சிறுமலை நீலமாய்க் கிடந்தது. தென்னை ஓலைகள் மெல்ல ஆட, நிழல் என் மடியில் அலையடித்தது. தலைக்கு மேலே ஒரு பருந்து சிறகை அசைக்காமல் நீந்திப் போயிற்று. இத்தனை நாளும் நான் கடலின் அடியில்தான் குடியிருந்திருக்கிறேன், ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை என்று தோன்றியது. மோட்டார் தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம்கூட எங்கிருந்தோ வருவதுபோல் கேட்டது.

மறுநாள் நானே போனைக் கேட்டு வாங்கினேன். அதற்கு மறுநாள் கேள்வியும் கேட்டுவிட்டேன். கடல் தண்ணீர் இம்புட்டும் ஒரே இடத்தில் நிற்காமல் எங்கே போகிறது என்று கேட்டதற்கு, "நல்ல கேள்வி தமிழ்நிலா" என்றார் மிஸ். எனக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. மகளுக்கோ முகம் சுருங்கிப் போனது. இப்படிக் கேள்வியாகக் கேட்டு வைத்தால், நாளைக்கு நேரில் போகும்போது நான்தானே முழிக்க வேண்டும் என்று சண்டைக்கு வந்தாள். சரி சரி என்றேன். வாய் நிற்க வேண்டுமே! கட்டுப் பிரித்த பிறகும் கொஞ்ச நாள் நொண்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அழகுராஜா, இந்தக் கால் பள்ளிக்கூடம் திறந்தால்தான் சரியாகும் என்று குத்திக்காட்டினார்.

தை கடைசியில் திறந்தே விட்டார்கள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாம் அப்பாடா என்றார்கள். எனக்குத்தான் அது கெட்ட சேதி. தமிழ்நிலா முகக்கவசம் போட்டுக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினாள். நான் பூப்பறிக்கப் போனேன். மிஸ் பாடம் தொடங்கும் நேரத்துக்குக் கை தானாக நின்றுவிடும். இன்றைக்கு என்ன நடத்தினாங்க என்று சாயங்காலம் மகளைக் கேட்டால், "என்னமோ நடத்துனாங்கம்மா" என்பாள். அடிக்கலாமா என்று வரும்.

அந்த வாரமே மிஸ் என்னைக் கூட்டிவரச் சொன்னார். கேள்வி கேட்கிற பிள்ளை ஊமையாகிவிட்டது எப்படி என்று மிஸ் கேட்டதும், இவள் அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாளாம். என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முறுக்கிக்கொண்டுதான் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். வகுப்பில் மிஸ் மட்டும் இருந்தார். சின்னப் பெண். பெஞ்சும், பலகையில் பாதி அழித்த உலகப்படமும், சாக்பீஸ் வாசமும். வாசற்படியிலேயே என் முறுக்கெல்லாம் இறங்கிவிட்டது.

"வெறும் கறுப்புக் கட்டத்தப் பாத்துத்தான் நடத்திக்கிட்டு இருந்தேன். ஒரே ஒரு குரல்தான் திருப்பிக் கேட்டுச்சு. அது நீங்கதானாக்கா?"

"நாந்தான் மிஸ். புள்ளய ஒண்ணும் சொல்லிராதீங்க," என்றேன். பிறகு, கேட்கவே கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டேன். "மறுபடியும் போன்ல நடத்துவீங்களா?"

"இல்லக்கா. இனி எல்லாம் இங்கதான்," என்றார். நேரில் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து நடத்தினால்தான் யாருக்குப் புரிகிறது, யார் தூங்குகிறார்கள் என்று தெரிகிறது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்தில் எனக்குத்தான் இடம் இல்லை. மணி அடித்தது. பிள்ளைகள் திபுதிபுவென்று உள்ளே வர, நான் வெளியே வந்தேன்.

பஸ்ஸுக்குப் போகாமல் சுவரோரம் வேப்பமர நிழலில் நின்றேன். சாத்தியிருந்த ஜன்னலுக்குள் பாடம் தொடங்கியது. குரல் வந்தது, சொல் வரவில்லை. கண்ணை மூடி எட்டிப் பிடிக்கப் பார்த்தேன். திடீரென்று ஜன்னல் திறந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தபடி தமிழ்நிலா நின்றாள். பாடத்துக்கு நடுவில் எழுந்து வந்திருக்கிறாள். கூச்சத்தில் காது சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமலே போய் உட்கார்ந்துகொண்டாள். மிஸ் அவளைத் திட்டவில்லை. பேசிக்கொண்டே ஜன்னல் பக்கமாக நடந்து வந்து, குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். காற்று எங்கே பிறக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வாட்ச்மேன் வந்து, யாரைப் பார்க்கணும், வெளியே போம்மா என்றார்.

"செத்த நேரம் சும்மா இருங்கண்ணே," என்றேன். "பாடம் நடக்குது."