ஊமைக் கட்டில்

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்குக் ‘கைவேகம்’ என்று பெயர். பதினெட்டு வருஷ நர்ஸ் வேலையில் அவள் சம்பாதித்த ஒரே பட்டம் அது. மானிட்டர் ஒரு தடவை அலறினால், இரண்டாவது அலறல் வருவதற்குள் அவள் விரல் பட்டனில் இருக்கும். முதலில் சத்தத்தை அடக்கு, பிறகு ஆளைப் பார். காது கிழிகிற இடத்தில் மூளை வேலை செய்யாது. அந்த வார்டில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அவள் கொஞ்சம் வேகமாகச் செய்தாள், அவ்வளவுதான்.

அப்போதெல்லாம் வார்டு சந்தைக்கடை மாதிரி இருக்கும். எட்டுக் கட்டில், எட்டு மானிட்டர். நோயாளி இருமினால் அலறும், புரண்டு படுத்தால் அலறும், விரலில் மாட்டிய கிளிப் நழுவினால் ஆளே போய்விட்ட மாதிரி அலறும். புலி வருது, புலி வருது என்று நாள் முழுக்கக் கத்திக் கத்தி, புலியைப் பார்க்கும் ஆர்வமே யாருக்கும் இல்லாமல் போயிற்று.

பிறகு புது மெஷின் வந்தது. எது வெற்றுச் சத்தம் என்று தானாகவே கற்றுக்கொள்ளுமாம். அலறும்போதெல்லாம் நர்ஸ் மேஜைத் திரையில் ‘உண்மை’, ‘பொய்’ என்று இரண்டு பட்டன் காட்டும். ‘உண்மை’யை அழுத்தினால் ஆறு கேள்வி கேட்கும், பதில் சொல்லி முடிக்கும்வரை கத்திக்கொண்டே இருக்கும். ‘பொய்’யை அழுத்தினால் அந்த நொடியே வாயை மூடும். மேஜையில் செருகியிருக்கும் அடையாள அட்டையை வைத்து, நாற்காலியில் இருப்பது யார் என்றும் அதற்குத் தெரியும்.

மூன்றே மாதத்தில் வார்டு அடங்கிப் போயிற்று. பட்டப்பகலில் சலைன் சொட்டுகிற சத்தம் கேட்டது. எட்டு நெஞ்சு ஏறி இறங்குவது கேட்டது. டாக்டர்கள் கைதட்டினார்கள். அவளுக்கு மட்டும் முதுகு கூசியது. குழந்தை திடீரென்று விளையாட்டுச் சத்தத்தை நிறுத்தினால் அம்மாவுக்கு வருமே, அந்தக் கூச்சம்.

அந்த மூன்று மாதத்தில் ஒன்றாம் கட்டிலில் இரண்டு பேர் போனார்கள். ஒரு தையல்காரர், ஒரு பஸ் டிரைவர். இரண்டு பேரும் மத்தியானத் தூக்கத்தில், சத்தமே இல்லாமல்.

“ராசியில்லாத கட்டில்,” என்றாள் கூட வேலை பார்க்கும் ஒல்லி நர்ஸ்.

“கட்டில் என்னடி பண்ணும்? நாலு கால் இருந்தும் நகரத் தெரியாத ஜென்மம்.”

ராசியில் நம்பிக்கை இல்லாததால்தான், குடலில் ஆபரேஷன் முடிந்து தன் தங்கச்சியைக் கொண்டுவந்தபோது, எட்டாம் கட்டில் காலியாக இருந்தும் ஒன்றாம் கட்டிலைக் காட்டினாள். மேஜையிலிருந்து ஆறே எட்டு வைத்தால் போதும். அம்மா அப்பா போன பிறகு மிஞ்சிய ஒரே ரத்தம். கண்ணெதிரில் இருக்கட்டும்.

மறுநாள் மத்தியானம் தங்கச்சி மானிட்டரைப் பார்த்துக் கேட்டாள். “ஏன்க்கா, உன் டிவி ஊமையா?”

“உன்னை மாதிரி வாயாடி பக்கத்துல இருந்தா அது எங்க பேசும்? தூங்குடி.”

தங்கச்சி தூங்கினாள். நோயாளி தூங்கினால், கட்டிலருகே இருக்கும் திரை அதன் சின்னக் கேமராவில் பார்த்துத் தானாக மங்கும். மேஜைத் திரையிலும், தொந்தரவில்லாத கட்டில்களை மெஷின் மடக்கி அடியில் தள்ளிவிடும். ஒன்றாம் கட்டில் அடியில் கிடந்தது.

மூன்று மணிக்கு மெஷின்காரர் வந்தார். மாதம் ஒருமுறை பை நிறைய வயரோடு வந்து கணக்கெடுத்துப் போகிறவர். திரையைப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

“இந்த ஒன்றாம் கட்டில்ல மட்டும் ஏன் சிஸ்டர் இவ்வளவு பொய்? நூறு தடவை கத்தினா நூறும் பொய்னு போட்டிருக்கீங்க. அதுவும் நீங்க மட்டும்.”

“பக்கத்துக் கட்டில் சார். மத்தவங்களுக்கு என் கைவேகம் வராது. இங்கிருந்தே அழுத்திட்டு ஓடிடுவேன்.”

“எதை அழுத்திட்டு?”

“பொய்யைத்தான். அதை அழுத்தினாத்தானே சத்தம் நிக்குது? நிறுத்திட்டுப் போய்ப் பார்ப்போம்.”

அவர் வயரைக் கீழே வைத்தார். “சிஸ்டர், நீங்க ஓடினது அதுக்குத் தெரியாது. பொய்னு சொன்னது மட்டும்தான் தெரியும். நீங்க இங்க உட்கார்ந்திருந்தா அந்தக் கட்டில்ல என்ன நடந்தாலும் பொய்னு கத்துக்கிட்டிருக்கு.”

தையல்காரர் போன மத்தியானம் நாற்காலியில் இருந்தது அவள். டிரைவர் போன மத்தியானமும் அவள்தான். இப்போதும் அவள்தான்.

மேஜையிலிருந்து தன் அட்டையைப் பிடுங்கினாள்.

ஒரு நொடி ஒன்றுமில்லை. அடுத்த நொடி ஒன்றாம் கட்டில் அலறியது. எத்தனை நேரமாகத் தொண்டையில் வைத்திருந்ததோ. அவள் விரல் தானாகவே ‘பொய்’யை நோக்கிப் போனது. பதினெட்டு வருஷப் பழக்கம், எஜமானி சொல்லி நிற்குமா? மற்றக் கையால் அதை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

தங்கச்சியின் கை ஈரத்துணி மாதிரி சில்லிட்டிருந்தது. உதட்டில் ரத்தமில்லை. வயிறு பலகையாக இறுகியிருந்தது. உள்ளுக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது.

“டாக்டரைக் கூப்பிடுடி!”

“அந்தச் சத்தத்தை முதல்ல நிறுத்து!” என்று கத்தினாள் ஒல்லி.

“தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்!”

ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிழைத்துவிட்டாள். “இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா நான் வந்தும் பிரயோஜனமில்ல,” என்று டாக்டர் சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போனார்.

மெஷின்காரர் அவள் பெயரில் மெஷின் கற்ற அத்தனையையும் அழித்தார். அவள் அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டார். தையல்காரரையும் டிரைவரையும் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவள்தான் இரண்டு பெயரையும் தேதியோடு எழுதி, கையெழுத்துப் போட்டு, பெரிய டாக்டர் மேஜையில் வைத்தாள்.

மூன்றாம் நாள் சீருடை இல்லாமல், அட்டை இல்லாமல், பார்வையாளர் நேரத்தில் வந்தாள். தங்கச்சி மறுபடி ஒன்றாம் கட்டிலில் இருந்தாள். மற்றதெல்லாம் நிரம்பிவிட்டது. கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்தாள்.

தங்கச்சி கையை நீட்டியதில் விரல் கிளிப் நழுவியது. மானிட்டர் அலறியது.

அவள் விரல் கிளம்பியது. பாதி வழிதான் போயிருக்கும். சத்தம் நின்றுவிட்டது.

“கைவேகம்னு சும்மாவா சொல்றாங்க,” என்று சிரித்தாள் தங்கச்சி.

“நான் தொடவே இல்லடி.”

மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் யாருமில்லை. ஒல்லி எட்டாம் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். கிளிப் இன்னும் போர்வைமேல்தான் கிடந்தது. பெயரை அழித்தும் ஆளை மறக்காத மெஷின் அவளையே பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது.

எழுந்தாள். கையிரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாங்கினாள்.

“எங்கக்கா போறே? இப்பத்தானே வந்தே?”

கதவைத் தாண்டினாள். கதவு மூடியதும், உள்ளே மெஷின் மறுபடி அலற ஆரம்பித்தது. ஒல்லி ஓடிவந்து கிளிப்பை மாட்டுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

தங்கச்சி வீடு திரும்பும்வரை தினமும் வந்தாள். கண்ணாடிக்கு வெளியேதான் நின்றாள். உள்ளே சத்தம் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு.