முதுகு காட்டும் சமையல்காரி

1

அந்தக் கார்ட்டூன் கரடி எடுத்தது துடைப்பம்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அகப்பையாகவும் இருக்கலாம். துடைப்பம் என்றால்தான் கதை நிற்கிறது, சந்தேகமே அதனால்தான். அக்காவிடம் கேட்டால், "எழுதுறது நீ, என்னை எதுக்குக் கேக்குற?" என்பாள்.

2

(முதல் தொடக்கம்: 'ஒலிப்பதிவு அறையில் அக்கா கண்ணீரோடு...' இல்லை. இருமல் மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தாள்.)

பழைய கார்ட்டூன் குறும்படங்களுக்குத் தமிழில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஏழு நிமிடம். கதவிடுக்கில் நசுங்கிய கரடி, தட்டையாக வெளியே வந்து, மரியாதையாகக் கதவைச் சாத்தும். அதை வரைந்த கையை நான் இன்றும் வியக்கிறேன். அதே கைதான் சமையல்காரியையும் வரைந்தது: கறுப்பாக, பருமனாக, எல்லோரிடமும் அடி வாங்க. நிறத்திலும் உடம்பிலும் அவள் அக்காவைப் போலவே இருந்தாள். அதுவரை அக்காவுக்குக் கிடைத்ததெல்லாம் குழந்தை அழுகையும் நாய்க்குட்டி முனகலும்தான். பேசுகிற முதல் வேடம் இது.

3

"அந்தச் சமையல்காரி ஒரு மக்கும்மா. சும்மா கத்துங்க," என்றார் டைரக்டர். "இந்தத் தடவையும் சரியா வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"கரடி பேச எட்டு விதமா வாய் வரைஞ்சிருக்காங்க சார். இவளுக்கு ரெண்டுதான். திறந்தது ஒண்ணு, மூடினது ஒண்ணு."

"அதான் கத்தச் சொல்றேன்."

படம் ஓடியது. கரடி மாவு மூட்டையைக் கவிழ்த்தது. சமையல்காரி கத்தினாள்; அக்காவும் கத்தினாள். சமையல்காரி அடுப்புப் பக்கம் திரும்பினாள். திரையில் முதுகு மட்டும். மூலத்தில் அங்கே பேச்சில்லை. அக்கா தன் சொந்தக் குரலில், நிதானமாகச் சொன்னாள்:

"கொட்டினது நீ, கூட்டுறது நானா? துடைப்பம் மூலையில இருக்கு, துரை."

கரடி துடைப்பத்தை எடுத்தது. மூலத்தில் அது ஓர் எலியை அடிக்க எடுத்ததுதான். இப்போது சொல்பேச்சு கேட்டதுபோல் இருந்தது. ஒரு கோடுகூட மாறவில்லை.

"இது வசனத்துலயே இல்லையே! வாய் எங்கம்மா அசையுது?"

"முதுகுக்கு எதுக்கு சார் வாய்?"

4

இங்கே டைரக்டரின் முகம். அதை எழுதத் தெரியாமல் ஒரு வரியைக் காலியாக விடுகிறேன்.

 

முடிவு ஒன்று: டைரக்டர் கண்கலங்கி... (எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: அக்காவை வெளியே அனுப்பி... (எழுதச் சுலபம்.)

நடந்தது: "திரும்பப் போடு," என்று ஒலிப்பதிவாளரிடம் சொன்னார். பார்த்தார். "அடுத்த படத்துல இந்தச் சமையல்காரி எத்தனை தடவை திரும்புறா?" என்று கேட்டார்.

5

டைரக்டர் இப்போது வேறு தொழிலில் இருக்கிறார். அந்தத் தொடரின் எல்லாப் படங்களிலும் சமையல்காரிக்கு அக்காதான் பேசினாள். பிறகு வேறொரு தொடரில் ஒரு கரடிக்கும் பேசினாள். கடைசிப் படத்தில் சமையல்காரி ஒருமுறைகூடத் திரும்புவதில்லை. திரும்பியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதை உங்களிடம் விடுகிறேன். அவளுக்கு இன்னும் இரண்டே வாய்.